பெருங்குடல் புற்றில் செல் ஒட்டு மூலக்கூறுகள்: ‘கூடியது’, ‘குறைந்தது’ என்பதை எப்படிப் படிப்பது?

பெருங்குடல், மலக்குடல் புற்று பற்றிய ஆய்வுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு குழப்பம் வந்தே தீரும். ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் குறைந்தால் புற்று பரவும் என்கிறது ஒரு செய்தி. கல்லீரலுக்குப் பரவிய கட்டியில் அதே புரதம் நிறைய இருக்கிறது என்கிறது இன்னொன்று. ரத்தத்தில் சி.இ.ஏ. (கார்சினோ-எம்ப்ரியானிக் ஆன்டிஜென்) ஏறினால் கவனிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அந்த சி.இ.ஏ.வும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம்தான். ஒட்டும் பொருள் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்றால் எதை நம்புவது?

மூன்றும் உண்மைதான். அளவை மட்டும் பார்ப்பதால்தான் அவை முரண்படுவதுபோல் தோன்றுகின்றன. ஒட்டு மூலக்கூறு செல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கட்டியின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்த துண்டு அது, நோயின் எந்தக் கட்டத்தில் அளந்தார்கள் என்ற மூன்றும் தெரியாவிட்டால் ‘கூடியது’, ‘குறைந்தது’ என்ற சொற்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

## அடிப்படை: குடலின் உட்சுவர் எப்படிச் சேர்ந்து நிற்கிறது

பெருங்குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது ஒரே அடுக்குச் செல்கள். எபிதீலியம் என்று பெயர். இந்த அடுக்கு நெடுகிலும் நுண்குழிகளாக உள்வாங்கியிருக்கும். குழியின் அடியில் உள்ள தண்டுவகைச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. புதிய செல்கள் குழிச் சுவரோடு மேலே நகர்ந்து சில நாட்களில் உச்சியை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. ஆகவே பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்துக்கொண்டே நகரவும் வேண்டும். ஒட்டு மூலக்கூறுகளைச் செங்கல்லுக்கு இடையே பூசிய காரையாக நினைத்துக்கொள்வதுதான் பல தவறான முடிவுகளுக்குத் தொடக்கம். இந்தப் பிடிகள் நிமிடக் கணக்கில் அவிழ்ந்து மீண்டும் கட்டப்படுபவை.

குடல் செல்லின் பக்கவாட்டில், உச்சியிலிருந்து கீழாகப் பார்த்தால் பிடிகள் இந்த வரிசையில் வரும்:

1. இறுக்க இணைப்பு. கிளாடின், ஆக்லூடின் புரதங்கள் செல்களுக்கு இடையிலான கசிவை அடைக்கின்றன. செல்லின் மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் பிரிக்கும் எல்லைக்கோடும் இதுவே.
2. ஒட்டு இணைப்பு. ஈ-கேட்ஹெரின் இருக்கும் இடம். செல்லுக்குள் ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது.
3. டெஸ்மோசோம். டெஸ்மோகிளீன்-2, டெஸ்மோகாலின்-2 ஆகியவை கெரட்டின் இழைகளோடு பிணைந்து, இழுவிசையைத் தாங்கும் வலிமையைத் தருகின்றன.
4. அடித்தளப் பிடி. ஆல்ஃபா6-பீட்டா4 போன்ற இன்டெக்ரின்கள் செல்லைக் கீழேயுள்ள அடித்தளச் சவ்வோடு கட்டுகின்றன.

இந்த இணைப்புகளுக்கு வெளியிலும் ஒட்டு மூலக்கூறுகள் உண்டு. சி.இ.ஏ. இயல்பான செல்லில் குடல் குழாயைப் பார்த்த உச்சிப் பரப்பில் மட்டும் இருக்கும். எப்கேம் என்ற புரதம் பக்கவாட்டுப் பரப்பில் இருக்கும். இந்த இட ஒதுக்கீடு பின்னால் மிக முக்கியமாகப் போகிறது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். ஆய்வுகளில் வரும் ‘வெளிப்பாடு’ என்பது ஒரே அளவீடு அல்ல. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. எவ்வளவு படியெடுக்கப்பட்டது என்பது ஒன்று. அதிலிருந்து புரதம் எவ்வளவு உருவானது என்பது இன்னொன்று. அந்தப் புரதம் செல் சவ்வுக்கு வந்து சேர்ந்ததா, வந்த பின் வேலை செய்கிறதா என்பவை தனித்தனிக் கேள்விகள். செய்தித் தலைப்பில் நான்கும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன.

## ஈ-கேட்ஹெரின்: பிடியும் அடக்கமும்

1970களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர் மசாதோஷி தகேய்ச்சி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரித்தபோது, கரைசலில் கால்சியம் இருந்தால் செல்களின் ஒட்டும் திறன் தப்பித்தது. கால்சியம் இல்லையென்றால் அழிந்தது. கால்சியத்தைச் சார்ந்த அந்த ஒட்டுப் புரதங்களுக்குத்தான் பிறகு கேட்ஹெரின் என்று பெயரிட்டார்.

எபிதீலிய வகையான ஈ-கேட்ஹெரினின் மரபணு சி.டி.எச்.1, இருப்பது 16ஆம் குரோமோசோமில். முதிர்ந்த புரதத்தின் எடை சுமார் 120 கிலோடால்டன். செல்லுக்கு வெளியே ஐந்து பகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையே கால்சியம் அமர்ந்தால்தான் அமைப்பு விறைப்பாக நிற்கும். நுனிப் பகுதி, எதிர்ச் செல்லின் ஈ-கேட்ஹெரின் நுனியோடு கோத்துக்கொள்ளும். உள்ளே நீளும் வால் பி120-கேட்டெனினையும் பீட்டா-கேட்டெனினையும் பிடித்திருக்கும். பீட்டா-கேட்டெனின் ஆல்ஃபா-கேட்டெனினைப் பிடிக்க, அது ஆக்டின் இழையைப் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பிடி போய்விடும். டி.எல்.டி.-1 என்ற பெருங்குடல் புற்றுச் செல்வரிசையில் ஆல்ஃபா-கேட்டெனின் இல்லாத ஒரு துணைக்கிளை உண்டு. அதில் ஈ-கேட்ஹெரின் இருந்தும் செல்கள் உருண்டையாகச் சிதறி நிற்கும். புரதம் ‘இருக்கிறது’ என்று ரிப்போர்ட் சொல்லும், பிடிமானம் இருக்காது.

பெருங்குடல் புற்றில் பீட்டா-கேட்டெனின் ஏன் தனிக் கவனம் பெறுகிறது? சவ்வருகே ஈ-கேட்ஹெரினுக்குத் துணையாக நிற்கும் இதே புரதம், உட்கருவுக்குள் போனால் செல் பிரிவைத் தூண்டும் மரபணுக்களை இயக்குகிறது. இயல்பான செல்லில் மிஞ்சிய பீட்டா-கேட்டெனினை ஏ.பி.சி., ஆக்சின் முதலிய புரதங்கள் சேர்ந்த குழு பிடித்து அழித்துவிடும். தானாகத் தோன்றும் பெருங்குடல் புற்றுகளில் சுமார் 80 சதவீதத்தில் ஏ.பி.சி. மரபணு பழுதாகியிருக்கிறது. அழிப்பது நின்றுபோவதால் பீட்டா-கேட்டெனின் குவிகிறது. மிக் போன்ற வளர்ச்சி மரபணுக்கள் தூண்டப்படுகின்றன. கட்டியின் முதல் அடியே ஒட்டு இணைப்பின் ஒரு பங்காளி வழியாகத்தான் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பரவும் கட்டத்தில் மட்டும் தலைகாட்டும் விஷயமல்ல இது.

ஈ-கேட்ஹெரின் குறைவது பெரும்பாலும் மரபணு உடைந்து அல்ல. சி.டி.எச்.1 சிதைவு ‘டிஃப்யூஸ்’ எனப்படும், செல்கள் சிதறிப் படரும் வகை இரைப்பைப் புற்றிலும், லோபுலர் வகை மார்பகப் புற்றிலும் அடிக்கடி காணப்படுகிறது. பெருங்குடல் புற்றில் அரிது. இங்கே நடப்பது வேறு:

- ஸ்னெயில், ஸ்லக், ஜெப்1, ஜெப்2 போன்ற அடக்கிப் புரதங்கள் சி.டி.எச்.1 மரபணுவை வாயடைக்கின்றன.
- மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் படிந்து அது மூடப்படுகிறது.
- ஏடம்10 போன்ற நொதிகள் வெளிப்பகுதியை வெட்டி எறிகின்றன. சுமார் 80 கிலோடால்டன் துண்டு பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது.
- சவ்விலிருந்து புரதம் உள்ளிழுக்கப்பட்டு சைட்டோபிளாசத்தில் தேங்குகிறது.

நான்கில் முதல் மூன்றும் திரும்பப் பெறக்கூடியவை. நான்காவதும் அப்படியே. பரவிய கட்டியில் ஈ-கேட்ஹெரின் மீண்டும் தோன்றுவது ஏன் என்பதற்கான விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது: உடைந்ததைச் செல் சரிசெய்யவில்லை, மூடியதைத் திறந்துகொள்கிறது.

## பாலிப்பிலிருந்து கல்லீரல் வரை: கட்டம் மாறினால் பிடியும் மாறும்

1. தொடக்க அடினோமா, அதாவது இன்னும் புற்றாகாத பாலிப். ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் சவ்விலேயே இருக்கிறது. இயல்பான குடலில் அபூர்வமான பி-கேட்ஹெரின் இந்தக் கட்டத்திலேயே தலைகாட்டும். சி.இ.ஏ. குடும்பத்தின் சிகேம்1 மாறாக இங்கே குறைகிறது.

2. வீரியம் மிகுந்த அடினோமா, ஆரம்பப் புற்று. செல்களின் மேல்-கீழ் திசையுணர்வு குலைகிறது. இறுக்க இணைப்பு என்ற எல்லைக்கோடு கலைவதால், உச்சியில் மட்டும் இருக்க வேண்டிய சி.இ.ஏ. செல்லைச் சுற்றிலும் பரவுகிறது.

3. ஊடுருவும் விளிம்பு. கட்டியின் நடுப்பகுதியில் செல்கள் குழாய் வடிவில் ஒழுங்காகவே நிற்கும், பீட்டா-கேட்டெனின் சவ்வில் இருக்கும். அதே கட்டியின் ஓரத்தில், சுற்றுத்திசுவுக்குள் நுழையும் செல்களில் பீட்டா-கேட்டெனின் உட்கருவில் குவிந்திருக்கும், ஈ-கேட்ஹெரின் மங்கியிருக்கும். ஒரே நோயாளியின் ஒரே கட்டி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு விடைகளைத் தரும். ஆய்வு முடிவுகள் மோதிக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை என்றே சொல்லலாம்.

இந்த விளிம்பில் வேறு மூலக்கூறுகளும் எழுகின்றன. நரம்புச் செல்களுக்கு உரியதான எல்1கேம், பீட்டா-கேட்டெனின் தூண்டுதலால் இங்கே தோன்றுகிறது. இயல்பான எபிதீலியத்தில் காண்பதற்கரிய ஆல்ஃபாவி-பீட்டா6 இன்டெக்ரினும் வருகிறது. அது சுற்றுத்திசுவில் உறங்கும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை எழுப்புகிறது, எழுந்த டி.ஜி.எஃப்-பீட்டா ஈ-கேட்ஹெரினை அடக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. ஒரு பிடி வலுப்பது இன்னொரு பிடி தளர்வதற்கே வழிசெய்கிறது.

4. ரத்தத்திலும் நிணநீரிலும் பயணம். தனிச் செல்லாகப் பிரிந்து ஓடுவதுதான் பரவல் என்ற பழைய படம் பாதி உண்மை. செல்கள் கூட்டமாகவும், ஒன்றையொன்று பிடித்தபடியும் போகின்றன. பெருங்குடல் புற்றில் இதற்குத் தெளிவான சான்று 2018இல் வந்தது: வயிற்றறைத் திரவத்தில், உச்சிப்பக்கம் வெளியே திரும்பிய செல் உருண்டைகள் காணப்பட்டன. உள்ளுக்குள் இணைப்புகள் அப்படியே இருக்க, கூட்டமாகவே அவை படர்கின்றன. ஒட்டுப் புரதம் நிறைந்த கட்டி பரவாது என்ற முடிவு இங்கே தவறிப்போகிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிடிமானம் இழந்த இயல்பான குடல் செல் தானாகவே மடிந்துவிடும். அனோய்கிஸ் என்பது இந்த மரணத்தின் பெயர். செல் முழுக்கப் பரவிய சி.இ.ஏ. இதைத் தடுக்க உதவுகிறது.

5. கல்லீரலில் இறங்குதல். குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அழற்சித் தூண்டலில் கல்லீரலின் நுண்நாளங்கள் ஈ-செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தைக் காட்டுகின்றன. புற்றுச் செல்களின் பரப்பிலுள்ள சியாலில் லூயிஸ்-ஏ, சியாலில் லூயிஸ்-எக்ஸ் சர்க்கரைச் சங்கிலிகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. ரத்தப் பரிசோதனையில் சி.ஏ. 19-9 என்று அளப்பது இதே சியாலில் லூயிஸ்-ஏவைத்தான். பிறவியிலேயே இந்தச் சங்கிலியைக் கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புற்று எவ்வளவு பெரிதானாலும் சி.ஏ. 19-9 ஏறாது.

6. அங்கே வேரூன்றுதல். கல்லீரலில் வளர்ந்த கட்டியை வெட்டிப் பார்த்தால் பல சமயம் மூலக் கட்டியைப் போலவே குழாய் வடிவம் தெரியும். ஈ-கேட்ஹெரின் சவ்வுக்குத் திரும்பியிருக்கும். தளர்ந்து நகர்ந்த செல், நகர்ந்த இடத்தில் மீண்டும் பிடித்துக்கொண்டுதான் கூட்டமாக வளர முடிகிறது.

மூன்றாம் கட்டத்தில் நடப்பதை எபிதீலிய–மீசென்கைம மாற்றம் (பிடித்து நிற்கும் செல், தளர்ந்து நகரும் செல்லின் சாயலுக்கு மாறுவது) என்றும், ஆறாம் கட்டத்தில் நடப்பதை அதன் எதிர்மாற்றம் என்றும் குறிப்பிடுவார்கள். உண்மையில் பெரும்பாலான செல்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முழுதாகப் போவதில்லை, இடையில் எங்கோ நிற்கின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் பார்க்கும் முழு மாற்றம் நோயாளியின் திசுவில் அரிது.

## சி.இ.ஏ.: எல்லோரும் அறிந்த, ஒட்டுப் புரதம் என்று அறியாத ஒன்று

1965இல் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றிலும் கருவின் குடலிலும் ஒரு பொருளைக் கண்டறிந்து சி.இ.ஏ. என்று பெயரிட்டார்கள். இயல்பான குடலிலும் அது சிறிதளவு உண்டு என்பது பின்னால் தெரிந்தது. அது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் என்பது 1989இல்தான் நிறுவப்பட்டது. இன்றைய முறையான பெயர் சிகேம்5. சுமார் 180 கிலோடால்டன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. சவ்வை ஊடுருவி நிற்காமல், ஒரு கொழுப்பு நங்கூரத்தால் பரப்பில் தொற்றிக்கொண்டிருக்கும். எளிதில் கழன்று வருவதற்கு அதுவே காரணம்.

இயல்பான செல்லில் கழன்ற சி.இ.ஏ. குடல் குழாய்க்குள் விழுந்து மலத்தோடு போய்விடும். திசையுணர்வு குலைந்த புற்றுச் செல்லில் அது எல்லாப் பக்கமும் இருப்பதால், கழன்றது அடியிலுள்ள நாளங்களுக்குள் போகிறது. ரத்தத்தில் எண் ஏறுவதற்கு உற்பத்தி கூடியது மட்டும் காரணம் அல்ல, வாசல் மாறியதும் காரணம். இந்தக் கோணத்தில் பார்த்தால் பல புதிர்கள் அவிழும்:

1. சிறிய, ஒழுங்கு கெடாத கட்டியில் சி.இ.ஏ. இயல்பாகவே இருக்கலாம். ஆகவே ஆரோக்கியமானவரிடம் புற்றைத் தேட இந்தச் சோதனை பயன்படாது.
2. மிகவும் உருக்குலைந்த கட்டிகளில் சில சி.இ.ஏ.வை உருவாக்குவதையே நிறுத்திவிடுகின்றன. எண் குறைவாக இருப்பதாலேயே நோய் மென்மையானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.
3. சி.இ.ஏ.வை ரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரல். பித்த அடைப்பு, சிரோசிஸ், ஹெபடைட்டிஸ் இருந்தால் புற்று இல்லாமலே எண் ஏறும்.
4. புகைபிடிப்பவர்களுக்கு இயல்பு அளவே சற்று மேலே இருக்கும்.

வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். அறுவைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கும்போது இந்த வரம்பின் தரம் என்ன? 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, 5ஐ வரம்பாக வைத்தால் திரும்பிய நோயில் 71 சதவீதத்தைப் பிடிக்கும். நோய் திரும்பாதவரில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். வரம்பை 10க்கு உயர்த்தினால் இந்த எண்கள் 68, 97 என்று மாறும். பிடிபடுவதில் சிறு இழப்பு, வீண் பதற்றத்தில் பெரிய குறைவு. ஒற்றை எண்ணைவிடப் போக்கு முக்கியம் என்று மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இது.

நடைமுறையில், அறுவைக்கு முன் ஒருமுறை அளப்பார்கள். முழுமையாக அகற்றப்பட்டிருந்தால் 4 முதல் 6 வாரங்களில் இயல்புக்கு இறங்க வேண்டும். பிறகு முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, 5 ஆண்டு முடியும்வரை 6 மாதங்களுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகம், ஒரே கருவி முறை என்பதில் பிடிவாதமாக இருப்பது நல்லது. நிறுவனத்துக்கு நிறுவனம் சோதனைப் பொருள் வேறு, எண்ணும் வேறு. ஆக்சாலிபிளாட்டின் அடங்கிய கீமோதெரபி தொடங்கிய முதல் சில வாரங்களில் எண் தற்காலிகமாக ஏறி இறங்குவதும் உண்டு. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

## எப்கேம்: பெயரில் ஒட்டு, வேலையில் கேள்விக்குறி

எப்கேம் 1979இல் பெருங்குடல் புற்றுக்கு எதிராக உருவாக்கிய ஓர் ஆன்டிபாடி வழியாக அறிமுகமானது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுகளில் ஏராளமாக இருக்கிறது. ஈ-கேட்ஹெரினோடு ஒப்பிட்டால் இதன் ஒட்டும் திறன் சொற்பம். நேரடியாக ஒட்டுகிறதா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கிளாடின்-7ஐ நிலைநிறுத்துவதும், வெட்டுப்பட்ட உள்வால் உட்கருவுக்குப் போய் வளர்ச்சியைத் தூண்டுவதும்தான் தெளிவாகத் தெரிந்த வேலைகள்.

இதை இலக்காக வைத்து வந்த எட்ரிகோலோமாப் ஒரு நல்ல பாடம். 189 நோயாளிகளைக் கொண்ட ஜெர்மானிய ஆய்வு, அறுவைக்குப் பின் இந்த ஆன்டிபாடியைக் கொடுத்தால் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று 1994இல் அறிவித்தது. மறு ஆண்டே ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. 2002இல் வெளிவந்த 2,761 நோயாளிகளின் ஆய்வில் அந்தப் பலன் காணாமல்போனது. கீமோதெரபியோடு சேர்த்தும் கூடுதல் நன்மை இல்லை. ஒரு மூலக்கூறு கட்டியில் நிறைந்திருக்கிறது என்பது வேறு, கட்டி அதை நம்பி வாழ்கிறது என்பது வேறு.

ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்களை எண்ணும் செல்சர்ச் கருவியும் எப்கேமைத்தான் தூண்டிலாகப் பயன்படுத்துகிறது. 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் எப்கேம் பிடியில் சிக்கி, கெரட்டின் இருந்து, வெள்ளணுக் குறியான சி.டி.45 இல்லாத செல்களை எண்ணுவார்கள். பரவிய பெருங்குடல் புற்றில் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்கணிப்பு மோசம். குறை எங்கே என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும்: மீசென்கைமப் பக்கம் சாய்ந்து எப்கேமைக் குறைத்துக்கொண்ட செல் தூண்டிலில் மாட்டாது. பூஜ்யம் என்ற விடை, செல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

எப்கேம் மரபணு இன்னொரு வழியிலும் பெருங்குடல் புற்றுக்குள் வருகிறது, அதற்கும் ஒட்டுதலுக்கும் சம்பந்தமில்லை. 2ஆம் குரோமோசோமில் இதற்கு அடுத்த மரபணு எம்.எஸ்.எச்.2. எப்கேமின் வால்முனை பிறவியிலேயே அறுந்திருந்தால் படியெடுப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பக்கத்து மரபணுவுக்குள் ஓடி அதை மூடிவிடுகிறது. விளைவு, பெருங்குடல் புற்று அபாயத்தைக் கூட்டும் பரம்பரை நிலையான லிஞ்ச் நோய்க்குறி. மரபணு ரிப்போர்ட்டில் ‘எப்கேம் நீக்கம்’ என்று கண்டால் இதைத்தான் சொல்கிறார்கள்.

## மற்றவை, சுருக்கமாக

சி.டி.44 ஹயலுரோனிக் அமிலத்தைப் பற்றும் புரதம். ஒரே மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டும் விதத்தால் பல வடிவங்கள் வருகின்றன. வி6 துண்டு சேர்ந்த வடிவம்தான் பரவலோடு தொடர்புபடுத்தப்படுகிறது. எந்த வடிவம் என்று சொல்லாமல் ‘சி.டி.44 கூடியது’ என்று எழுதும் கட்டுரையைத் தாண்டிப் போய்விடலாம்.

கேட்ஹெரின்-17 குடல் எபிதீலியத்துக்கே உரியது. பரவிய கட்டியின் பிறப்பிடம் தெரியாதபோது குடல்வழி என்று காட்ட நோயியல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

டி.சி.சி. ஒரு வரலாற்று எச்சரிக்கை. 1990இல் 18ஆம் குரோமோசோமில் பெருங்குடல் புற்றில் தொலைந்துபோகும் மரபணுவாகக் கண்டறியப்பட்டது. வரிசை நரம்பு ஒட்டு மூலக்கூறுகளை ஒத்திருந்ததால் இதுவும் ஒட்டுப் புரதம் என்றே எண்ணினார்கள். பின்னர் நெட்ரின்-1 என்ற வழிகாட்டிப் பொருளின் ஏற்பி என்று தெரிந்தது. வடிவம் ஒத்தால் வேலையும் ஒத்திருக்கும் என்ற ஊகம் அடிக்கடி சறுக்கும்.

## அளக்கும்போது எங்கே தவறுகிறது

திசுவில் புரதத்தைப் பார்க்கும் வழக்கமான முறை இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. திசுவை 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபினில் பதித்து, 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் சீவி, சூடான தாங்கல் கரைசலில் புரதத்தின் மறைந்த முகங்களைத் திறந்து, ஆன்டிபாடி சேர்த்து நிறமேற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி இருக்கிறது.

1. பதப்படுத்தும் நேரம். பெரிய குடல் துண்டைத் திறக்காமல் ஃபார்மலினில் போட்டால் நடுப்பகுதி அழுகத் தொடங்கும். அங்கே நிறம் மங்கும். அதைப் புரத இழப்பு என்று எண்ணிவிடுவார்கள். இதற்கு உடனடிச் சோதனை அதே கண்ணாடித் தகட்டில் உள்ள இயல்பான குழிகள். அவையும் மங்கியிருந்தால் அந்தத் தகட்டை நம்பக் கூடாது.

2. ஆன்டிபாடி எந்த முனையைப் பார்க்கிறது என்பது. ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதி வெட்டப்பட்ட செல்லில், வெளிமுனையைத் தேடும் ஆன்டிபாடி ‘இல்லை’ என்கும், உள்வாலைத் தேடும் ஆன்டிபாடி ‘இருக்கிறது’ என்கும். சி.இ.ஏ.விலும் இதே சிக்கல்: பல்குல (பாலிகுளோனல்) ஆன்டிபாடிகள் சிகேம்6 போன்ற உறவுப் புரதங்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

3. துண்டு எடுத்த இடம். நூற்றுக்கணக்கான கட்டிகளை ஒரே தகட்டில் பார்க்க, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு உருளையைத் துளைத்து எடுப்பார்கள். அது கட்டியின் நடுவிலிருந்து வந்தால் விளிம்பின் கதை முழுக்கத் தப்பிவிடும். ஒரு ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டிய வரி இது.

4. மதிப்பெண். எச்-ஸ்கோர் என்பது மங்கலான செல் சதவீதத்தை 1ஆலும், நடுத்தரத்தை 2ஆலும், அடர்த்தியை 3ஆலும் பெருக்கிக் கூட்டுவது, உச்சம் 300. பாதிச் செல்கள் அடர்த்தி, பாதிச் செல்களில் ஒன்றுமே இல்லை என்றால் மதிப்பெண் 150. பாதி மங்கல், பாதி நடுத்தரம் என்றாலும் 150தான். முதல் கட்டியில் பிடி விட்ட செல்கள் பாதிக்குப் பாதி இருக்கின்றன. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. எண் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. சவ்வு நிறத்தையும் சைட்டோபிளாச நிறத்தையும் பிரிக்காமல் கூட்டினால் இன்னும் மோசம்.

5. ஆர்.என்.ஏ. அளவீடு. கட்டியை அரைத்து மொத்தமாக அளந்தால், புற்றுச் செல்லோடு சுற்றுத்திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட்களும் (இணைப்புத்திசுச் செல்கள்) சேர்ந்தே வரும். 2015இல் பெருங்குடல் புற்று நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரிக்கப்பட்டது. மோசமான முன்கணிப்புள்ள நான்காம் வகை மீசென்கைமச் சாயல் கொண்டது. புற்றுச் செல்களே முழு மாற்றம் அடைந்துவிட்டன என்று அதை எளிதாகப் படித்துவிடலாம். அந்தச் சாயலின் பெரும்பங்கு ஃபைப்ரோபிளாஸ்ட்களிலிருந்து வருவது என்று அதே ஆண்டில் வேறு ஆய்வுகள் காட்டின.

6. செல் வளர்ப்பு. தட்டிலிருந்து செல்களைக் கழற்ற டிரிப்சினும் கால்சியத்தை உறிஞ்சும் ஈ.டி.டி.ஏ.வும் கலந்து ஊற்றுவது வழக்கம். ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதி அதிலேயே அழிந்துவிடும். உடனே ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் முறை) அளந்தால் ‘வெளிப்பாடு இல்லை’ என்றே வரும். நொதியில்லாத கரைசலால் கழற்றுவது, அல்லது கழற்றிய பின் கால்சியம் உள்ள ஊடகத்தில் சில மணி நேரம் மீள விடுவது தீர்வு.

## நோயாளியின் ரிப்போர்ட்டில் இது எப்படித் தெரியும்

இவ்வளவு ஆய்வுக்குப் பிறகும் ஈ-கேட்ஹெரின் மதிப்பெண் பெருங்குடல் புற்றின் வழக்கமான ரிப்போர்ட்டில் இடம்பெறுவதில்லை. மேலே சொன்ன ஆறு பொறிகளே காரணம். அதற்குப் பதிலாக ஒட்டுதல் குலைந்ததன் கண்ணுக்குத் தெரியும் விளைவை எண்ணுகிறார்கள்: கட்டி மொட்டுகள். ஊடுருவும் விளிம்பில் தனித்து நிற்கும் ஒற்றைச் செல், அல்லது 4 செல்கள் வரை உள்ள கொத்து, ஒரு மொட்டு.

2016இல் பெர்னில் கூடிய சர்வதேசக் கூட்டம் எண்ணும் முறையை ஒழுங்குபடுத்தியது. வழக்கமான ஹெச்-அன்ட்-இ நிறமேற்றிய தகட்டில் விளிம்பு நெடுகப் பார்த்து, மொட்டுகள் மிக அடர்ந்த ஒரு புலத்தைத் தேர்ந்து, 20 மடங்கு லென்ஸில் எண்ணி, 0.785 சதுர மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும். 0 முதல் 4 வரை குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், 10க்கு மேல் அதிகம். சரியாக 10 இருந்தாலும் அதிகமே. லென்ஸின் புல அளவு கருவிக்குக் கருவி மாறுவதால், மாற்றாமல் எழுதிய எண்ணுக்குப் பொருள் இல்லை. அழற்சி மிகுந்த இடத்தில் வெள்ளணுக்களும் ஃபைப்ரோபிளாஸ்ட்களும் மொட்டுபோல் ஏமாற்றும். அப்போது கெரட்டின் நிறமேற்றம் ஐயத்தைத் தீர்க்க உதவும், ஆனால் எண்ணுவது ஹெச்-அன்ட்-இ தகட்டில்தான்.

இந்த எண் சிகிச்சையை மாற்றுவது இரண்டு இடங்களில். எண்டோஸ்கோப் வழியாகவே அகற்றப்பட்ட ஆரம்பப் புற்றில் மொட்டுகள் நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தால் நிணநீர்க் கணுக்களில் நோய் இருக்க வாய்ப்பு கூடுகிறது. குடல் பகுதியை அறுவை செய்து நீக்கலாமா என்ற பேச்சு எழும். நோயின் இரண்டாம் நிலையில் (ஸ்டேஜ் 2) உள்ள புற்றில் மொட்டுகள் அதிகமென்றால் கீமோதெரபியின் பக்கம் தராசு சற்றுச் சாயும். அறுவைக்கு முன்பே கதிர்வீச்சோ கீமோவோ பெற்ற கட்டியில் இந்த எண்ணிக்கை முறை பொருந்தாது.

ஒட்டு மூலக்கூறுகளைத் தாக்கும் மருந்துகளின் நிலையும் இதே இட ஒதுக்கீட்டுக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. சி.இ.ஏ.வை அடையாளம் காணும்படி மாற்றிய டி-செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) மூன்று நோயாளிகளுக்குச் செலுத்திய ஆய்வு 2011இல் வெளியானது. மூவருக்கும் ரத்த சி.இ.ஏ. இறங்கியது, ஒருவருக்குக் கட்டிகளும் சுருங்கின. மூவருக்குமே கடுமையான குடல் அழற்சியும் வந்தது. இயல்பான செல்லில் சி.இ.ஏ. உச்சிப் பரப்பில் ஒதுங்கியிருப்பது, ரத்தம் வழியாக வரும் ஆன்டிபாடிக்கு அதை ஓரளவு மறைக்கும். இந்த டி-செல்லோ புரதம் இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. செல் தன் பரப்பில் ஏந்திக்காட்டும் சி.இ.ஏ. துணுக்கைத்தான் பார்க்கிறது. இயல்பான குடல் செல்லும் அதே துணுக்கைக் காட்டும்.